மேற்குச் சுவருக்கு இரண்டு முறை பூச்சு: செம்பூர் வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மும்பை செம்பூரில் 1984-இல் கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு. கான்கிரீட் தூணும் உத்திரமும், இடையில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும். அதன் இரண்டாம் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருடத்துக்கு மேல் மும்பையிலேயே இருந்துவிட்ட ஒரு தம்பதி வசிக்கிறார்கள். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மூச்சிளைப்பு (ஆஸ்துமா) உண்டு. நான் கட்டட வேலைகளில் மேற்பார்வையாளராக இருப்பவன், அவர்களுக்குக் குடும்ப நண்பன். அவர்கள் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன்.

பிரச்சினை படுக்கையறையின் மேற்குச் சுவர். பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி உயரம், நடுவில் ஒரு ஜன்னல். மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தின் கணக்குப்படி சராசரியாக 2,300 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. அது நேராக விழும் மழையும் இல்லை. தென்மேற்குக் காற்றோடு சாய்ந்து வந்து சுவரை அறைகிற மழை. இந்த நான்கு மாதமும் காற்றே ஈரமாக இருப்பதால், நனைந்த சுவர் காய வழியே கிடையாது. ஊரில் ஒரு மழை பெய்து மறுநாள் வெயில் அடித்தால் சுவர் காய்ந்துவிடும். இங்கே அந்த மறுநாள் அக்டோபரில்தான் வரும்.

முதல் வேலை: ஆகஸ்ட் 2023

2023-இல் பருவமழை மும்பைக்குத் தாமதமாக, ஜூன் 25 அன்றுதான் வந்தது. ஆனால் ஜூலை மாதம் மட்டும் 1,500 மி.மீ.-க்கு மேல் கொட்டித் தீர்த்தது. மாத முடிவில் படுக்கையறைச் சுவரில் ஓதம், அதாவது ஈரக்கசிவு, ஏறி, பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழுந்து, ஜன்னலுக்குக் கீழே காரை பெயர்ந்து விழ ஆரம்பித்தது. பீரோவுக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. அந்த வாரம்தான் அந்த அம்மாவுக்கு இரவில் மூச்சு வாங்குவது அதிகமானது.

பயந்துபோய், தெரிந்தவர் சொன்ன ஒரு தேக்கேதாரை (ஒப்பந்தக்காரரை) கூப்பிட்டார்கள். அவர் வந்து பத்து நிமிடத்தில் விலை சொன்னார்: 18,000 ரூபாய், நான்கு நாள் வேலை. பழைய காரையில் தளர்ந்த இடத்தை மட்டும் தட்டிவிட்டு, மேலே ஜிப்சம் பூச்சு, புட்டி (சுவரை மழமழப்பாக்கும் பசை), பெயின்ட். "ஜிப்சத்துக்குத் தண்ணி ஊத்தி ஆற வைக்கவே வேண்டாம்" என்றது அவர்களுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. 15,000 முன்பணம் கொடுத்தார்கள். சொன்னபடி நான்கே நாளில் முடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகவும் இருந்தது.

மூன்றாவது வாரம் சுவரில் விரலை அழுத்தினால் பள்ளம் விழுந்தது. செப்டம்பர் கடைசியில் ஜன்னலுக்குக் கீழே இருந்த பூச்சு பாளமாகக் கழன்று கட்டிலில் விழுந்தது. தேக்கேதார் போனை எடுக்கவில்லை.

அவர் ஏமாற்றத்தான் வந்தார் என்று நான் நினைக்கவில்லை. ஜிப்சம் பூச்சு நல்ல பொருள். காய்ந்த உள்சுவருக்கு மும்பையில் பெரும்பாலான புதுக் கட்டடங்களில் அதைத்தான் பூசுகிறார்கள். ஆனால் அது ஓயாத ஈரம் தாங்காது, இளகிவிடும். பின்னாலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் சுவருக்கு, அதுவும் ஆகஸ்ட் மாதத்தில், அது பொருந்தவே பொருந்தாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவரும் கேட்கவில்லை, வீட்டுக்காரர்களும் கேட்கவில்லை.

கவனித்தவை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை

அக்டோபர் நடுவில் என்னைக் கூப்பிட்டார்கள். அப்போதே வேலையைத் தொடங்கிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். இரண்டு மாதம் சும்மா பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். பென்சிலால் ஓதத்தின் விளிம்பைச் சுவரிலேயே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதச் சொன்னேன். அந்த அம்மாதான் வாரம் தவறாமல் இதைச் செய்தார். பின்னால் எடுத்த எல்லா முடிவுக்கும் அந்தக் கோடுகள்தான் அடிப்படை.

மழை நின்றதும் ஜன்னலைச் சுற்றியிருந்த ஓதம் சுருங்கியது. நவம்பர் கடைசியில் கிட்டத்தட்ட காய்ந்துவிட்டது. உத்திரத்துக்கு அடியில் கிடையாக ஓடிய ஓதமும் அப்படியே. ஆனால் குளியலறையை ஒட்டிய வலது மூலை மட்டும் டிசம்பரிலும் ஈரமாகவே இருந்தது. கோடு ஓர் அங்குலம் வெளியே கூடப் போயிருந்தது. மழையில்லாத மாதத்தில் வளர்கிற ஓதம் மழையால் வந்ததாக இருக்க முடியாது.

பூஞ்சை படர்ந்த இடத்திலும் வலது மூலையிலும் ஓர் அடிக்கு ஓர் அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விட்டோம். தாளின் உள்பக்கம், அதாவது சுவர்ப் பக்கம், முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் கோத்தால் காற்றின் ஈரம். வலது மூலையில் உள்பக்கம் கோத்தது. பீரோ இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் காய்ந்தே இருந்தது. அங்கே கோளாறு காற்றோட்டம்தான். இரும்புப் பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

பிறகு எதிர்க் கட்டடத்து மாடியிலிருந்து வெளிப்புறத்தைப் பார்த்தேன். உத்திரமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நீளமாக ஒரு விரிசல். கான்கிரீட்டும் செங்கலும் வெயிலில் ஒரே அளவில் விரிவதில்லை. அந்தச் சந்திப்பில் வலை வைத்துப் பூசாவிட்டால் விரிசல் விடத்தான் செய்யும். ஜன்னல் அடிக்கட்டை வெளிப்பக்கம் சரிவதற்குப் பதிலாக உள்பக்கம் சரிந்திருந்தது. ஜன்னலுக்கு மேலே நீட்டியிருக்கும் சஜ்ஜாவின் அடியில் நீர் சொட்டி விழுவதற்கான பள்ளம் இல்லை. மழைத்தண்ணீர் சஜ்ஜாவின் அடிப்பக்கமாகவே ஓடிச் சுவரைத் தொட்டது.

ஆக மூன்று வழியில் தண்ணீர் வந்தது: வெளிவிரிசல், ஜன்னல், அப்புறம் வலது மூலைக்கு மேலே இருந்த மூன்றாம் மாடிக் குளியலறை.

மேல் வீடும் சொசைட்டியும்

மேல் வீட்டுக்காரர்கள் மராத்திக் குடும்பம், பழகுவதற்கு நல்லவர்கள். ஆனால் "எங்கள் குளியலறையில் ஒன்றும் இல்லை" என்றார்கள். வாதாடிப் பயனில்லை. அவர்கள் அனுமதியோடு குளியலறைத் தரையின் வடிகால் குழியான நஹானி டிராப்பில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். இரண்டாம் நாள் கீழே மூலையில் இளஞ்சிவப்பாகக் கசிந்தது. அவர்களை இறங்கி வந்து பார்க்கச் சொன்னோம். அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் டிராப்பையும் அதைச் சுற்றியிருந்த இணைப்பையும் தங்கள் செலவில் மாற்றிக் கொடுத்தார்கள்.

சொசைட்டி, அதாவது குடியிருப்புச் சங்கத்தின் விஷயம் இழுத்தது. மகாராஷ்டிர வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி விதிகளின்படி, மழைநீராலும் பொதுக் குழாய்களாலும் வரும் கசிவைச் சங்கம் தன் செலவில் சரி செய்ய வேண்டும். வீட்டுக்குள்ளிருக்கும் கழிப்பறை, தொட்டிக் கசிவுதான் அந்தந்த வீட்டுக்காரர் பொறுப்பு. இது பலருக்குத் தெரிவதில்லை. வெளிச்சுவரையும் தாங்களே பூசிக்கொண்டு கை நட்டப்படுகிறார்கள். இவர்கள் பென்சில் கோடுகளின் படத்தோடு கடிதம் கொடுத்தார்கள். ஜனவரிக் கூட்டத்தில், அந்தச் சுவர்ப் பகுதியின் வெளிப்பூச்சையும் சாரத்தையும் சங்கம் ஏற்பதாக முடிவானது. உள்வேலை இவர்கள் செலவு.

ஆளைத் தேடியது

மூன்று பேரை வரவழைத்தோம்.

முதலாமவர், கூலிக்கு ஆள் கிடைக்கும் தெருமுனையான நாக்காவில் நிற்கும் உத்தரப்பிரதேசத்து மிஸ்திரி (கொத்தனார்). கை சுத்தமான ஆள், முன்பு ஒரு தளத்தில் அவர் வேலையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தினக்கூலிக்குத்தான் வருவார். பொருள் வாங்குவது, கலவையைப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் தலையில். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு அது சரிப்படாது.

இரண்டாமவர் நீர்க்காப்பு வேலை எடுப்பவர். உள்பக்கமாக இரண்டு கோட் ரசாயனம் அடித்து அதன்மேல் பூசித் தருவதாகவும், பத்து வருடம் கேரண்டி என்றும் சொன்னார். விலை 65,000. கேரண்டித் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். வெளிச்சுவர் விரிசலாலும் குழாய்க் கசிவாலும் வரும் ஈரத்துக்குப் பொறுப்பில்லை என்று இருந்தது. நம் சுவரில் முக்கியமாக இருந்ததே அந்த இரண்டும்தான். தவிர, வெளியே நுழையும் தண்ணீரை உள்ளே அடைத்தால் அது சுவருக்குள்ளேயே நின்று பக்கத்தில் எங்காவது பிதுங்கும்.

மூன்றாமவர் தாராவியில் இருக்கும் தமிழ்க் கொத்தனார். அறுபதை ஒட்டிய வயது. வந்ததும் விலை பேசவில்லை. கரண்டிப் பிடியால் சுவர் முழுக்கத் தட்டிக் காது கொடுத்தார். உள்ளே வெற்றிடம் இருப்பதைக் காட்டும் பொள்ளல் சத்தம் கேட்ட இடத்தையெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டார். பிறகு அந்த அம்மாவிடம் கேட்டார்: "ஏம்மா, இந்தத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு யாராவது பாத்தீங்களா?" பென்சில் கோடுகளைக் காட்டினார்கள். மேல் வீட்டு டிராப் அப்போது இன்னும் மாற்றப்படவில்லை. "அத முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி நான் கரண்டியத் தொட மாட்டேன்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

வேலையை ஒத்திப்போடச் சொன்னவர் அவர் ஒருவர்தான். எனக்கு அதுவே பாதி முடிவு. மீதிப் பாதிக்கு, அவர் இரண்டு வருடம் முன்பு பூசிய ஒரு மேற்குச் சுவரைப் பார்க்க ஆன்டாப் ஹில் போனோம். மழைக்காலம் இரண்டைத் தாண்டிய சுவர். நாங்களும் தட்டிப் பார்த்தோம். ஓரிடத்தில்கூடப் பொள்ளல் இல்லை. புதிதாக முடித்த வேலையைக் காட்டுவது எல்லோராலும் முடியும்.

எழுதிக்கொண்டது

ஒரே தாளில் தமிழில் எழுதினோம். பழைய காரை முழுவதும் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இணைப்புகளை அரை அங்குல ஆழம் கீற வேண்டும். வெளியே 1:4 கலவையில் (ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல்) இரண்டு கோட், மொத்தம் 20 மி.மீ. உள்ளே 1:5-இல் 12 முதல் 15 மி.மீ. உத்திரச் சந்திப்பில் ஓர் அடி அகலத்துக்குக் கோழிவலை (மெல்லிய கம்பிவலை). குப்பையை இறக்கிக் கொண்டுபோய்க் கொட்டுவது யார் என்பதையும் எழுதினோம். இந்தக் கடைசி விஷயத்தை விட்டுவிட்டுச் சண்டை வந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பணத்தில்தான் உரசல். மொத்தத்தில் இருபது சதவீதத்தை முதல் பெருமழை வரை நிறுத்தி வைக்கலாம் என்று நான் சொன்னேன். கொத்தனார் முகம் சுருங்கியது. "மார்ச்சுல செஞ்ச வேலைக்குக் கூலிய ஜூலை வரைக்கும் நிறுத்தினா, எங்கூட வர்ற பசங்க சோத்துக்கு எங்க போவாங்க, சார்?" நியாயமான கேள்வி. நான் பெரிய நிறுவனங்களின் வழக்கத்தை அன்றாடக் கூலிக்காரர்கள்மேல் போட்டிருந்தேன். கூலி வாரா வாரம் முழுதாக, அவருடைய சொந்தப் பங்கில் 5,000 மட்டும் நிறுத்தம் என்று முடித்தோம்.

காய வைத்தது

பிப்ரவரி தொடக்கத்தில் காரையைக் கொத்தினார்கள். போன ஆகஸ்டில் பூசிய ஜிப்சத்தைப் பொட்டு விடாமல் சுரண்டினார்கள். ஜிப்சமும் சிமென்டும் ஈரத்தோடு ஒட்டியிருந்தால் ஒன்றோடொன்று வினைபுரிந்து உப்பி, மேல் பூச்சைத் தள்ளிவிடும்.

உத்திரத்தின் அடியில் இரண்டு இடத்தில் கம்பி துருப்பிடித்திருந்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால்தான் கான்கிரீட் பிளந்து விழுகிறது. இதைக் கொத்தனார் தீர்மானிக்கக் கூடாது என்று, சொசைட்டியின் கட்டமைப்புத் தணிக்கைக்கு வரும் பொறியாளரிடம் காட்டினோம். அவர் சொன்ன முறைப்படி கம்பியைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூசி, பாலிமர் கலவையால் அடைத்தார்கள்.

பிறகு ஐந்து வாரம் செங்கலை வெறுமனே விட்டோம். குடும்பத்துக்கு இதுதான் கஷ்டமான காலம். இரண்டு பேரும் கூடத்தில் படுத்தார்கள், எங்கும் தூசி. "பூசிட்டா என்ன, தானா காயாதா?" என்று கணவர் இரண்டு முறை கேட்டார். உள்ளே ஈரத்தை வைத்துப் பூசினால், அது வெளியேறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வந்து புதுப் பூச்சில் பூக்கும். மும்பையில் காற்று ஓரளவு காய்ந்திருப்பது குளிர் மாதங்களில்தான். மின்விசிறியையும் சுவரைப் பார்த்து ஓட விட்டோம். மார்ச் 10 அன்று பாலிதீன் தாள் இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது.

பூச்சு நாட்கள்: மார்ச் 2024

முதல் நாள் வந்த மணலையே திருப்பி அனுப்பினோம். கொத்தனார் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, கரிக்கிறது என்றார். கழிமுகத்து மணலில் உப்பு இருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், அப்புறம் எந்தப் பூச்சும் காயாது. இரண்டாவது லோடு அரைத்த மணல். கண்ணாடி பாட்டிலில் தண்ணீரோடு குலுக்கி மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்ததில், மேலே படிந்த வண்டல் மணல் உயரத்தில் நூற்றில் ஐந்து பங்குதான். எட்டுவரை தாங்கும்.

கலவையை அளவுப் பெட்டியால் அளந்தார்கள். ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டைக்கு 35 லிட்டர் பெட்டி. ஈர மணல் உப்பியிருக்கும், கால் பங்குகூட அதிகமாகத் தெரியும். அதனால் ஈர மணலுக்குப் பெட்டியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டார். அரை மூட்டைக்கு மேல் ஒரே நேரத்தில் குழைக்கவில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இறுகிவிட்ட கலவையில் பையன் ஒருவன் தண்ணீர் விட்டு இளக்கிக்கொண்டிருந்தான். கொத்தனார் பார்த்துவிட்டு அந்தச் சட்டியைக் கொட்டச் சொன்னார்.

வெளியே முதல் கோட்டில் நீர்க்காப்புக் கலவை சேர்த்து, கீறிவிட்டு, மூன்று நாள் நனைத்து, இரண்டாம் கோட் மணற்பூச்சாக முடித்தார்கள். ஜன்னல் அடிக்கட்டையை வெளிச்சரிவாக மாற்றி, சஜ்ஜா அடியில் பள்ளம் விட்டார்கள்.

தண்ணீர் ஊற்றுவதில் ஒரு தவறான எண்ணம் நிறையப் பேருக்கு இருக்கிறது. மும்பைக் காற்றிலேயே ஈரம் இருக்கிறதே, ஆற வைப்பது எதற்கு என்கிறார்கள். மார்ச் மாத மேற்கு வெயிலில் மதியம் மூன்று மணிக்கு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு நாளைக்கு மூன்று முறை, பத்து நாள் நனைத்தோம். ஏழு நாளுக்குக் குறையவே கூடாது.

உள்சுவருக்குப் புட்டியும் பெயின்டும் வேண்டாம் என்று தீர்மானித்தோம். முதல் மழைக்காலம் முடியும்வரை வெறும் சுண்ணாம்பு. அதன் வழியாக ஈரம் வெளியேறும், பூஞ்சை சுலபத்தில் பிடிக்காது, கசிவு இருந்தால் மறைக்காமல் உடனே காட்டும். வெளிப்புறத்துக்கு மட்டும் மே மாதம் பெயின்ட் அடித்தோம். குடும்பத்தின் செலவு 41,000 ரூபாய்.

என்ன ஆனது

2024-இல் மழை ஜூன் 9 அன்று வந்தது. ஜூலை 8 விடியற்காலை ஆறு மணி நேரத்தில் நகரத்தின் சில இடங்களில் 300 மி.மீ.-க்கு மேல் பெய்தது. காலையில் அந்த அம்மாவே போன் செய்தார்: "மூலை காஞ்சு கெடக்கு, தம்பி. ஜன்னலுக்கு இடது பக்கம் மட்டும் கையகலத்துக்கு ஈரம்." போய்ப் பார்த்தேன். பூச்சில் குறையில்லை. சறுக்கு ஜன்னலின் அடிச்சட்டத்தில் நீர் வெளியேறும் துளைகளைப் பூச்சுத் தூசி அடைத்திருந்தது. ஒரு கம்பியால் குத்திவிட்டதும் நின்றது.

உண்மையான குறை ஒன்று உண்டு. உள்சுவரின் கீழ்ப்பகுதியில் நான்கு அடிக்கு வலைபோல மெல்லிய விரிசல். கடைசி நாள் அவசரத்தில், ஈரம் சீக்கிரம் இழுக்கட்டும் என்று கொத்தனார் உலர் சிமென்டைத் தூவித் தேய்த்திருந்தார். அன்று நான் அங்கே இல்லை. காட்டியதும் ஒத்துக்கொண்டார். அக்டோபரில் கூலி வாங்காமல் தேய்த்துச் சரி செய்தார். 5,000 ரூபாயை அன்று கொடுத்தோம். வாங்குவதற்கு முன் சுவரை மறுபடி ஒரு முறை முழுக்கத் தட்டிப் பார்த்தார்.

நவம்பரில் உள்ளே பெயின்ட் அடித்தார்கள். பீரோ இப்போது சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி நிற்கிறது. அந்த மழைக்காலத்தில் இரவில் எழுந்து உட்கார நேரவில்லை என்று அந்த அம்மா சொன்னார். சுவர் ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். 2025-இல் மழை மே 26 அன்றே வந்துவிட்டது. மும்பையில் பதிவானதிலேயே சீக்கிரமான வருகை. அதிலும் அந்தச் சுவர் காய்ந்தே இருந்தது.

மறுபடி செய்தால்

மேல் வீட்டுச் சாய சோதனையை டிசம்பர் கடைசிவரை தள்ளியது தவறு. ஓதக் கோடு சுருங்கவில்லை என்பது நவம்பர் நடுவிலேயே தெரிந்துவிட்டது. அப்போதே பேசியிருந்தால் காரையைக் கொத்தும் வேலை ஜனவரியில் முடிந்திருக்கும், காய ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். வெளிப் பெயின்டை மே மாதம்வரை விட்டதும் ஆபத்துதான். 2024-இல் தப்பித்தோம். மே 26-இல் மழை வந்த வருடமாக இருந்திருந்தால் சாரத்தில் ஆள் இருக்கும்போதே நனைந்திருப்போம். இனி வெளிவேலை ஏப்ரலுக்குள் முடிய வேண்டும் என்று தாளிலேயே எழுதுவேன். சிமென்ட் தூவக் கூடாது என்பதையும் எழுதுவேன். கடைசிப் பூச்சு நாளன்று நேரில் நிற்பேன்.

2025 மழையில் கூடத்துச் சுவரில் புதிதாக ஓதம் தெரிந்தது. அது நாங்கள் தொடாத சுவர். அந்த அம்மா பென்சிலை எடுத்து முதல் கோட்டைப் போட்டுவிட்டார். தாராவிக் கொத்தனாருக்கும் சொல்லியாயிற்று. மழை நின்றதும் வந்து தட்டிப் பார்க்கிறேன், அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம் என்றிருக்கிறார்.